கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ்: அந்த 44 நிமிடங்களும் அதன் பிந்தைய முப்பது ஆண்டுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானிகளின் வாழ்க்கையைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அதில் அமெரிக்க விமானி ஆல் ஹெய்ன்ஸ் அவர்களைப் பற்றி ஒரு பத்தி இடம்பெற்றிருந்தது. கட்டுப்பாட்டை முழுவதுமாக இழந்துவிட்ட பயணிகள் விமானம் ஒன்றை 1989இல் அவர் தனி ஒருவராகப் போராடித் தரையிறக்கி 184 உயிர்களைக் காப்பாற்றினார் என்று அந்தப் பத்தி கூறுகிறது. காப்பாற்றப்பட்டோரின் எண்ணிக்கை சரியானது, பாராட்டும் தகுதியானதே. ஆனால் அவர் தனி ஒருவராகச் செய்தார் என்பதை அவரே ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஊர் ஊராகச் சென்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேடைகளில் அவர் எடுத்துச் சொன்னதெல்லாம் அதற்கு நேர்மாறான செய்தியைத்தான். விமானப் பராமரிப்புத் துறையில் எஞ்சின் பாகங்களைப் பரிசோதிக்கும் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தப் பத்தியில் விடுபட்டுப்போன சிலவற்றைத் தங்கள் வாசகர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். கடிதம் சற்று நீளமாகிவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஹெய்ன்ஸ் 1931 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பாரிஸ் என்னும் சிற்றூரில் பிறந்து, டாலஸ் நகரில் வளர்ந்தவர். கல்லூரிப் படிப்பை இடையில் விட்டுக் கடற்படை விமானப் பயிற்சியில் சேர்ந்து, மரீன் படைப் பிரிவில் விமானியாகப் பணியாற்றினார். 1956இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தவர், ஓய்வு பெறும் வரை அந்த ஒரே நிறுவனத்தில்தான் இருந்தார். சியாட்டில் நகருக்கு அருகில் மனைவியுடனும் இரண்டு மகன்கள், ஒரு மகளுடனும் குடியிருந்தார். விமானம் ஓட்டாத நாட்களில் அவரைப் பார்க்க விரும்புபவர்கள் சிறுவர்கள் பேஸ்பால் விளையாடும் மைதானத்திற்குத்தான் போக வேண்டும். 'லிட்டில் லீக்' எனப்படும் அந்தச் சிறுவர் போட்டிகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் நடுவராக நின்றார். 1978இல் அந்தப் போட்டிகளின் உலகத் தொடரிலேயே நடுவராகப் பணியாற்றும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. பள்ளிக்கூட அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து அறிவிப்பாளராக இருப்பதும் அவருக்குப் பிடித்தமான வேலை. மாதத்தில் பாதி நாட்கள் வெளியூரில் கழியும் தொழிலில் இருப்பவர்கள், வீட்டில் இருக்கும் நாட்களை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதை வைத்தே அவர்களைப் பற்றி ஓரளவு சொல்லிவிடலாம் என்று நான் நினைப்பதுண்டு. ஹெய்ன்ஸ் அந்த நாட்களை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ வழியாக ஃபிலடெல்ஃபியா செல்ல வேண்டிய 232ஆம் எண் விமானத்தின் கேப்டன் அவர். வயது 57, அதுவரை வானில் கழித்த நேரம் ஏறக்குறைய 30,000 மணி. விமானம் டிசி-10 வகையைச் சேர்ந்தது. இறக்கைகளின் கீழ் இரண்டு எஞ்சின்களும் வாலில் ஒன்றுமாக மூன்று எஞ்சின்கள் கொண்டது. பணியாளர்கள் 11 பேரையும் சேர்த்து 296 பேர் அதில் இருந்தனர். குழந்தைகளுக்கான சலுகைக் கட்டணம் அறிவிக்கப்பட்டிருந்த காலம் ஆதலால் பயணிகளில் குழந்தைகள் பலர்.

பிற்பகல் 3.16 மணிக்கு, அயோவா மாநிலத்தின் மேல் 37,000 அடி உயரத்தில், வாலில் இருந்த எஞ்சினின் முன்விசிறித் தட்டு வெடித்துச் சிதறியது. டைட்டானியத்தால் ஆன அந்தத் தட்டின் எடை சுமார் 168 கிலோ. அதன் துண்டுகள் எஞ்சின் கூட்டைத் துளைத்து வெளியேறி, வாலின் வழியே செல்லும் ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்களை அறுத்தன. பெரிய விமானங்களில் விமானியின் கைவிசைக்கு இறக்கை, வால் ஆகியவற்றின் அசையும் பகுதிகள் நேரடியாக அசைந்துகொடுப்பதில்லை. உயர் அழுத்தத்தில் ஓடும் எண்ணெய்தான் அவற்றை அசைக்கிறது. ஒரு குழாய் அமைப்பு பழுதானால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது என்று ஒன்றையொன்று சாராத மூன்று அமைப்புகள் டிசி-10இல் உண்டு. மூன்றும் ஒரே நேரத்தில் போவது நடக்கவே நடக்காது என்று கணக்கிட்டதனால், அப்படி நடந்தால் என்ன செய்வது என்பதற்கான குறிப்பு விமானிகளின் கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அன்று மூன்றும் போயின.

துணை விமானி வில்லியம் ரெக்கார்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை முழுவதுமாக இடப்புறம் திருப்பிப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்க, விமானமோ வலப்புறம் சரிந்துகொண்டே போனது. சாய்வு 38 பாகையை எட்டியபோது, ஹெய்ன்ஸ் இடப்பக்க எஞ்சினின் விசையைக் குறைத்து வலப்பக்க எஞ்சினுக்கு முழு விசையையும் கொடுத்தார். இரு துடுப்புப் படகில் வலத் துடுப்பை மட்டும் அழுத்திப் போட்டால் படகு இடப்பக்கம் திரும்புவது போல, தாழ்ந்திருந்த வலது இறக்கை மெல்ல மேலெழுந்தது. அதற்குப் பிறகு எஞ்சியிருந்தவை, அந்த இரு எஞ்சின்களின் விசையைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் த்ராட்டில் என்னும் இரண்டு கைப்பிடிகள் மட்டுமே. மூக்கு மேலே ஏறும், பின் இறங்கும், மறுபடியும் ஏறும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திற்கும் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஏறும்போது விசையைக் குறைக்க வேண்டும், இறங்கும்போது கூட்ட வேண்டும். கீழே விழுந்துகொண்டிருக்கும் விமானம் இன்னும் வேகமாக ஓடும்போது எஞ்சினை முடுக்குவது என்பது விமானியின் உடம்பில் ஊறிய பழக்கத்துக்கே எதிரானது. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1985 ஆகஸ்ட் 12 அன்று, ஜப்பான் ஏர்லைன்ஸின் 747 விமானம் ஒன்று இதே போல ஹைட்ராலிக் அமைப்பு முழுவதையும் இழந்து, அரை மணி நேரப் போராட்டத்துக்குப் பின் மலையில் மோதி 520 பேர் மடிந்திருந்தனர் என்பதை நினைத்துப் பார்த்தால் அன்று விமானிகள் அறையில் இருந்தவர்களின் நிலை விளங்கும்.

இங்கேதான் கட்டுரையின் கூற்றிலிருந்து நான் விலகுகிறேன். பயணிகள் பகுதியில் டென்னிஸ் ஃபிட்ச் என்ற மற்றொரு கேப்டன் அமர்ந்திருந்தார். அதே நிறுவனத்தில் டிசி-10 விமானிகளுக்குப் பயிற்சி தருபவர், அன்று பணியில் இல்லாமல் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். உதவத் தயார் என்று அவர் பணிப்பெண் மூலம் சொல்லியனுப்பியதும், ஹெய்ன்ஸ் ஒரு நொடியும் தயங்காமல் அவரை உள்ளே அழைத்தார். இருக்கைகளுக்கு நடுவே கைக்கொரு த்ராட்டிலைப் பிடித்தபடி ஃபிட்ச் விமானத்தை ஓட்டினார். ஹெய்ன்ஸும் ரெக்கார்ட்ஸும் கட்டுப்பாட்டுச் சக்கரங்களோடு போராடியபடியே அவருக்கு வழி சொன்னார்கள். விமானப் பொறியாளர் டட்லி ட்வோராக், சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பராமரிப்பு மையத்தோடு வானொலியில் பேசி வழி கேட்டார். மூன்று அமைப்புகளிலும் எண்ணெய் இல்லை என்பதைத் தரையில் இருந்த பொறியாளர்கள் நம்பவே சிரமப்பட்டு, அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அந்த வானொலியின் மறுமுனையில் நான் இருந்திருந்தாலும் எண்ணெய் அளவுகாட்டிகளை மீண்டும் ஒருமுறை பார்க்கத்தான் சொல்லியிருப்பேன்.

விமானிகள் அறையின் ஒலிப்பதிவில் இருக்கும் இரண்டு இடங்கள் ஹெய்ன்ஸின் தன்மையைக் காட்டுகின்றன. எல்லாம் முடிந்ததும் சேர்ந்து ஒரு பீர் குடிக்கலாம் என்று ஃபிட்ச் சொல்கிறார். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, ஆனாலும் இன்றைக்கு நிச்சயம் ஒன்று குடிப்பேன் என்கிறார் ஹெய்ன்ஸ். விமானம் இறங்க முயன்ற, அயோவாவில் உள்ள சூ சிட்டி விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு அலுவலர் எந்த ஓடுபாதையில் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று அனுமதி தரும்போது, ஓடுபாதையில்தான் இறங்க வேண்டும் என்று குறிப்பாக எதிர்பார்க்கிறீர்களா என்று ஹெய்ன்ஸ் சிரித்துக்கொண்டே கேட்கிறார். அதே ஒலிப்பதிவில், என்ன ஆனாலும் எங்களை நகரத்திலிருந்து விலக்கியே வழிநடத்துங்கள் என்றும் அவர் கேட்டுக்கொள்கிறார். நகைச்சுவையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நகரைப் பற்றிய அந்த வேண்டுகோளைக் காட்டுவோர் குறைவு.

மாலை 4 மணியளவில், வெடிப்பு நிகழ்ந்து 44 நிமிடங்களுக்குப் பின், மூடப்பட்டிருந்த 22ஆம் எண் ஓடுபாதையை நோக்கி விமானம் இறங்கியது. அந்தப் பாதையில்தான் தீயணைப்பு வண்டிகள் தயாராக நிறுத்தப்பட்டிருந்தன. கடைசி நிமிடங்களில் அவற்றை விரட்டியடித்து வழிவிட்டார்கள். இறக்கை மடிப்புகளை நீட்ட வழியில்லாததால், வழக்கமான இறங்கு வேகத்தைவிட மிக அதிகமான வேகத்தில் வந்த விமானத்தின் வலது இறக்கை முதலில் தரையைத் தொட்டது. விமானம் துண்டுதுண்டாக உடைந்து தீப்பற்றி, நடுப்பகுதி தலைகீழாகப் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் போய் நின்றது. மக்கள் அந்த ஆளுயரச் சோளப் பயிர்களுக்கு இடையிலிருந்து நடந்து வெளியே வந்தார்கள். நசுங்கி இடுப்பளவு உயரத்திற்குச் சுருங்கிப்போன விமானிகள் அறையை வெறும் இடிபாடு என்று எண்ணி மீட்புப் படையினர் கடந்து சென்றனர்; உள்ளே நால்வர் உயிரோடு இருப்பது தெரிய 35 நிமிடங்கள் ஆயின. ஹெய்ன்ஸின் தலையில் 92 தையல்கள் போட வேண்டியிருந்தது.

இதே சூழலைப் பயிற்சிக் கருவியில் மீண்டும் அமைத்து, அனுபவமுள்ள டிசி-10 விமானிகளை முயன்று பார்க்கச் சொன்னது, விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். ஓடுபாதையில் பாதுகாப்பாக இறக்குவதற்கு யாரையும் பயிற்றுவிக்க இயலாது என்ற முடிவுக்கு அது வந்தது. அந்தக் குழுவினரின் செயல், நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதை வெகுவாக விஞ்சியது என்றும் தன் அறிக்கையில் எழுதியது. வாரியமும் குழுவினர் என்றே எழுதியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஹெய்ன்ஸ் தம் உரைகளில் இந்த வெற்றிக்குக் காரணமாகச் சொன்னவை ஐந்து: நல்வாய்ப்பு, தகவல் தொடர்பு, முன்தயாரிப்பு, செயலாக்கம், ஒத்துழைப்பு. இவற்றில் நல்வாய்ப்பை அவர் முதலில் வைத்தார். இது பணிவுக்காகச் சொன்னதாகத் தோன்றலாம். விவரங்களைப் பார்த்தால் அப்படியில்லை. கோடைக்காலத்தில் அப்பகுதியில் வழக்கமாக எழும் இடிமேகங்கள் அன்று இல்லை. நல்ல பகல் வெளிச்சம் இருந்தது. கீழே சமதரையான வயல்வெளி. சூ சிட்டியின் மருத்துவமனைகளில் பணிமுறை மாறும் நேரமாதலால் இரண்டு முறைப் பணியாளர்களும் ஒரே சமயத்தில் கைவசம் இருந்தனர். விமான நிலையத்தில் இருந்த அயோவா தேசியக் காவல் படையின் வீரர்கள் 285 பேர் பயிற்சிக்காக அன்றைக்குத்தான் பணியில் இருந்தனர். நல்வாய்ப்பு இத்தோடு முடிய, முன்தயாரிப்பு தொடங்குகிறது. அந்தச் சிறிய நிலையத்திற்குப் பெரிய விமானங்கள் வந்திறங்கும் வழக்கமே இல்லாதபோதும், மாவட்டத்தின் அவசரகாலப் பணித் துறையினர் 1987இல் ஒரு பெரிய விமானம் அங்கே விழுந்து நொறுங்குவதாகக் கற்பனை செய்துகொண்டு முழு அளவில் ஒத்திகை நடத்தியிருந்தார்கள். நம் ஊரில் இப்படியொரு ஒத்திகைக்கு ஒரு கோப்பு எழுந்தால், வராத விமானத்துக்கு ஏன் செலவு என்று தணிக்கையில் கேட்டிருப்பார்கள்.

ஒத்துழைப்பு என்ற ஐந்தாவது காரணத்துக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1978 டிசம்பர் 28 அன்று அதே நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஒன்று, சக்கரம் சரியாக இறங்கவில்லை என்ற ஐயத்தில் போர்ட்லண்ட் நகரின் மேல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதைக் கீழ்நிலையில் இருந்த பொறியாளர் ஜாடைமாடையாகச் சொன்னார்; கேப்டனின் காதில் அது ஏறவில்லை; அழுத்திச் சொல்ல அவருக்கும் துணிவு வரவில்லை. விமானம் எரிபொருளின்றி விழுந்து 10 பேர் இறந்தனர். அதன் பிறகே, கேப்டன் மற்றவர்களின் சொல்லைக் கேட்கவும், மற்றவர்கள் அஞ்சாமல் பேசவும் பழக்கும் பயிற்சியை அந்த நிறுவனம் தொடங்கியது. 1980 வரை கேப்டன் சொன்னதே சட்டம் என்ற எண்ணத்தில்தான் நாங்கள் வேலை செய்தோம், அதனால் சில விமானங்களை இழந்தோம் என்று ஹெய்ன்ஸ் வெளிப்படையாகவே பேசினார். எங்கள் அறையில் மொத்தம் 103 ஆண்டுகளின் பறக்கும் அனுபவம் இருந்தது, ஆனால் அப்படியொரு விமானத்தை ஓட்டிய அனுபவம் ஒரு நிமிடம்கூட எங்களில் எவருக்கும் இல்லை, அப்படியிருக்க மற்றவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நான் எப்படி நினைக்க முடியும் என்பதுதான் அவர் வாதம். முப்பது ஆண்டுக்கு மேல் பணிமூப்புள்ள ஒருவர் இதைச் சொல்வது எளிதன்று. மூத்தவர் வாய் திறந்தால் அறையே வாய் மூடிக்கொள்ளும் அலுவலகங்களில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு அதன் அருமை கூடுதலாகவே தெரியும்.

என் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதிக்கு இப்போது வருகிறேன். சிதறிய அந்தத் தட்டு அடுத்த சில மாதங்களில் அயோவாவின் சோள வயல்களில், அறுவடையின்போது கண்டெடுக்கப்பட்டது. 1971இல் டைட்டானியத்தை உருக்கி வார்த்தபோதே அதில் கடினமான ஒரு நுண்ணிய குறை தங்கியிருந்ததும், அங்கிருந்து கிளம்பிய விரிசல் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததும் ஆய்வில் தெரிந்தன. அந்தத் தட்டு 18,000 பறப்புகள் வரை பயன்படுத்தத் தகுதி பெற்றது. 15,503ஆம் பறப்பில் உடைந்தது. உடைவதற்கு 760 பறப்புகளுக்கு முன்பு அது கழற்றிப் பரிசோதிக்கப்பட்டிருந்தது. அப்போதே அந்த விரிசல் மேற்பரப்பில் ஏறக்குறைய அரை அங்குல நீளம் இருந்திருக்க வேண்டும் என்று வாரியம் கணக்கிட்டது.

அரை அங்குல விரிசலை எப்படித் தவறவிட முடியும் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தச் சோதனை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். பாகத்தை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி உலர்த்தி, ஒளிரும் தன்மையுள்ள சாயத் திரவத்தை அதன் மேல் முழுவதும் படியவிட்டுக் காத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளுக்குள் திரவம் தானாக இறங்கிக்கொள்ளும். பிறகு மேற்பரப்பை நீரால் அலசி, வெண்மையான பொடியைத் தூவி, இருட்டறைக்குள் கொண்டுபோய்ப் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய சாயம் பொடியில் ஊறி, பச்சை மஞ்சளாக ஒரு நூலிழை போல மினுங்கும். இருட்டுக்குக் கண் பழகவே சில நிமிடங்கள் ஆகும். தட்டு தொங்கவிடப்பட்டிருந்தால் தொங்கும் கம்பிக்குப் பின்னால் விளக்கைக் கொண்டுபோக வேண்டும். நடுத்துளையின் உட்சுவரைக் குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பொடி சரியாகப் படியாத இடம் எது என்பதையும் கவனிக்க வேண்டும். நாள் முழுவதும் பார்த்தும் ஒன்றும் அகப்படாத வேலை அது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடத்தில், இதிலும் ஒன்றும் இருக்காது என்ற நினைப்பு கண்ணை முந்திக்கொள்ளும். அந்தத் தட்டின் விரிசலும் நடுத்துளையின் பரப்பில்தான் இருந்தது. பரிசோதனை முறைகளில் மனிதரின் இயல்பான வரம்புகளுக்குப் போதிய இடம் தரப்படாததே காரணம் என்றுதான் 1990 நவம்பரில் வெளியான அறிக்கை தீர்ப்பளித்தது. இருட்டறையில் விளக்கைப் பிடித்த தனி மனிதர் ஒருவரின் தலையில் அது பழியைக் கட்டவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அந்த வாக்கியத்தை மறக்க மாட்டோம்.

இந்த நிதானத்தை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நேர்ந்த பெரும் விபத்துக்குப் பிறகு, விசாரணை தொடங்கிய நிலையிலேயே மறைந்த விமானிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பேசியவர்களும், அதற்கு எதிராக அவர்களைத் தெய்வங்களாக்கிப் பேசியவர்களும் நம்மிடையே இருந்தனர். சூ சிட்டி விபத்தின் காரணத்தை அறிய ஓராண்டுக்கும் மேல் பிடித்தது. வயலில் கிடந்த உலோகத் துண்டு கிடைக்கும் வரை பொறுத்திருந்துதான் அதை எழுதினார்கள்.

விபத்துக்குச் சில மாதங்களிலேயே ஹெய்ன்ஸ் மீண்டும் பணிக்குத் திரும்பினார். 60 வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கூடாது என்ற அன்றைய விதிப்படி 1991இல் ஓய்வு பெற்றார். இத்தனை பேர் இறந்தபோது நான் ஏன் பிழைத்தேன் என்ற கேள்வி தம்மை நெடுநாள் வாட்டியதை அவர் மறைக்கவில்லை. மன உளைச்சலுக்கு மருத்துவரிடம் போய்ப் பேசியதையும் மேடைகளிலேயே சொன்னார். விமானிகளும் தீயணைப்புப் படையினரும் நிறைந்த கூட்டங்களில், வெட்கப்படாமல் உதவி கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மாவீரர் என்ற பட்டத்தை மட்டும் எவர் சூட்டினாலும் தள்ளிவைத்தார்.

அவருடைய குடும்பத்தைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒரு வரியும் சொல்லவில்லை. பட்ட காலிலே படும் என்பார்கள். ஹெய்ன்ஸின் வீட்டில் அது அப்படியே நடந்தது. 1996இல் மூத்த மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். 1999இல் மனைவி அரிதான தொற்று நோய் ஒன்றால் காலமானார். அதன் பின் மகளுக்கு எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் நோய் வந்து, மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டது. பொருத்தமான கொடையாளரைத் தேடும் செலவு உட்படப் பெருந்தொகை ஒன்றைக் காப்பீடு ஏற்கவில்லை. செய்தி பரவியதும், இலட்சக்கணக்கான டாலர்கள் நன்கொடையாக வந்து சேர்ந்தன. அனுப்பியவர்களில் முன்பின் அறியாதவர்கள் இருந்தனர். உடன் பணிபுரிந்தவர்கள் இருந்தனர். 232ஆம் விமானத்தில் உயிர் பிழைத்தவர்களும் இருந்தனர். சிகிச்சை நடந்தது. பிள்ளையின் மருத்துவத்துக்காகப் பிறரிடம் கை நீட்ட நேர்வது எந்தத் தகப்பனுக்கும் கடினமானது. தம்மால்தான் பிழைத்தோம் என்று நம்புகிறவர்களிடமிருந்து வாங்க நேர்ந்தது, தம்மை அப்படி எண்ண வேண்டாம் என்று ஓயாமல் சொல்லிவந்த அவருக்கு இன்னும் எத்தனை கடினமாக இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. அத்தனை இழப்புகளுக்கு இடையிலும் அவர் மேடைப் பேச்சையோ சிறுவர் மைதானத்தையோ கைவிடவில்லை. 2019 ஆகஸ்ட் 25 அன்று, 88 வயது நிறைய ஆறு நாட்கள் இருக்கையில், சியாட்டிலில் காலமானார்.

அந்த 44 நிமிடங்களிலிருந்து விமானத் துறை கற்றுக்கொண்டவையும் கற்றுக்கொள்ளாதவையும் உண்டு. டிசி-10களின் ஹைட்ராலிக் அமைப்பில், குழாய் அறுந்தாலும் எண்ணெய் முழுவதும் வடிந்துவிடாமல் தடுக்கும் அடைப்பான் பொருத்தப்பட்டது. நாசா அமைப்பினர் எஞ்சின் விசையை மட்டும் கொண்டு விமானத்தை இறக்கும் கணினி முறை ஒன்றை உருவாக்கி, 1995 ஆகஸ்டில் எம்டி-11 விமானத்தை அப்படியே இறக்கியும் காட்டினர். ஆனால் பயணிகள் விமானங்களில் அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. 2003 நவம்பரில் பாக்தாத்தில் ஏவுகணை தாக்கி ஹைட்ராலிக் முழுவதையும் இழந்த சரக்கு விமானத்தை, அதில் இருந்த மூவர் த்ராட்டில்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுபாதையிலேயே இறக்கினார்கள் என்பது, அப்படியும் முடியும் என்று உலகுக்குக் காட்டியது.

முடியாமல் நிற்கும் மற்றொன்று குழந்தைகளின் இருக்கை. 232ஆம் விமானத்தில் இரண்டு வயது நிரம்பாத நான்கு குழந்தைகள் பெற்றோரின் மடியில் பயணம் செய்தனர். அன்றைய விதிமுறை சொன்னபடி, குழந்தைகளைத் துணிகளால் அணைகட்டித் தரையில் கிடத்துமாறு தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன் பெற்றோரிடம் சொன்னார். நால்வரில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. அதன் பிறகு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கையும் பட்டையும் கட்டாயமாக்க வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் போராடினார். பாதுகாப்பு வாரியமும் அவ்வாறே பரிந்துரைத்தது. தனிச் சீட்டு வாங்க வேண்டுமென்றால் குடும்பங்கள் காரில் போகத் தொடங்கும், சாலையில் அதைவிட அதிகமானோர் இறப்பார்கள் என்று சொல்லி அமெரிக்க அரசுத் துறை அதை ஏற்கவில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளும் அனுமதி அங்கும் இருக்கிறது. நம் நாட்டிலும் இருக்கிறது. அந்தக் கணக்கில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனாலும் காபிக் குவளையையும் மடிக்கணினியையும் பத்திரப்படுத்தச் சொல்லிவிட்டுக் குழந்தையை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தங்கள் நாளிதழ் இதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வெளியிட்டால் பயனுள்ளதாக இருக்கும்.

இறுதியாக இரண்டு வேண்டுகோள்கள். ஹெய்ன்ஸைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது ரெக்கார்ட்ஸ், ட்வோராக், ஃபிட்ச் ஆகிய மூவரின் பெயர்களையும் சேர்த்தே வெளியிட வேண்டுகிறேன். இறந்தவர்களின் எண்ணிக்கை 111 என்று தங்கள் கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. விபத்து நடந்து 30 நாட்களுக்குள் இறந்தவர்களை மட்டுமே கணக்கில் சேர்க்கும் விதிப்படி அரசு அறிக்கையில் அந்த எண்தான் இருக்கிறது. காயமடைந்த ஒருவர் 31ஆம் நாள் மருத்துவமனையில் உயிரிழந்தார். ஆகவே 112 என்று திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற விமானப் பராமரிப்புப் பணியாளர்,
பல்லாவரம், சென்னை.